இரண்டுக்கு இரண்டு

வாடகை வீட்டுக் கொல்லையில்
ஐந்து கற்களை வரிசையாகப் போட்டு வைத்தேன்.
கழனிவாசல் கடையில் மாதிரிக்குக் கொடுத்தவை.
"நாலு நாள்ல திருப்பித் தந்துருங்க ஆச்சி" என்றார்.
நாற்பது நாள் ஆயிற்று.

கல்லூரி வேதியியல் கூடத்தில்
பதினொரு வருடமாகக் குடுவை கழுவுகிறவள் நான்.
சொல்லை நம்பி எதையும் வாங்குவதில்லை.
'கீறல் விழாது, கறை பிடிக்காது' என்று
அட்டைப்பெட்டியில் அச்சடித்தவருக்குப்
பிள்ளைகள் இல்லை, அல்லது
வேறு யார் வீட்டிலோ வளர்கிறார்கள்.

ஒவ்வொரு கல்லிலும்
எலுமிச்சை ஒரு சொட்டு, புளிக்கரைசல் ஒரு சொட்டு,
மஞ்சள், நேற்றைய மீன்குழம்பு,
மெய்யுவின் ஊதா ஸ்கெட்ச்,
சின்னவன் சாத்தப்பன் தானாக முன்வந்து அளித்தது,
மூலையில் கும்மாயம் கேட்காமலே அளித்தது.
(கும்மாயம் எங்கள் நாய். நிறத்தைப் பார்த்து வைத்த பெயர்.
பூனை, சீயம்.
பெயர் வைத்த அன்று எல்லாருக்கும் பசி.)

இரவெல்லாம் ஊறவிட்டுக் காலையில் துடைத்தேன்.

மரம் மாதிரியே இருந்த பலகை
ஓரத்தில் அப்பளமாய் உப்பியது.
பத்தாம் நாள் புரட்டினால் அடியில் கரையான்.
எங்கள் செம்மண்ணுக்கு அது பலகாரம்.

வெள்ளைப் பளிங்கு,
எலுமிச்சை விழுந்த இடத்தில் மட்டும்
வட்டமாய்ப் பார்வை இழந்தது.

வயிரவனுக்கு ஆத்தங்குடிதான் வேண்டும்.
"காரைக்குடியில இருந்துக்கிட்டு வேற கல்லா?"
சிவப்பும் பச்சையுமாய் அழகுதான், மறுக்கவில்லை.
புளி அதில் குடியேறிவிட்டது,
நாயின் முகவரியும்.
நடக்க நடக்க மெருகேறும் என்றார்.
எங்கள் வீட்டில் யார் நடக்கிறார்கள்?
ஓடுகிறார்கள்.

கண்ணாடியாய் மின்னிய விட்ரிஃபைடு
கழுவிய உடனே எல்லாவற்றையும் மறந்தது.
எனக்கு அப்படிப்பட்டவர்களைப் பிடிக்கும்.
முன்பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு
கிளம்புகிற நேரம்
சீயம் மதிலிலிருந்து குதிக்க
கும்மாயம் பாய
ஈரக் கல்லின் மேல் நான்கு கால்களும்
நான்கு ஊருக்குப் போயின.
ஏற்கெனவே சரியில்லாத இடுப்பு.
எழ முடியாமல் என்னைப் பார்த்தது.

அதே கல்லில்தான் முந்தாநாள்
சாத்தப்பன் பிடியை விட்டு இரண்டடி வைத்தான்.
அப்போது தண்ணீர் இல்லை. அவ்வளவுதான்.

முன்பணத்தில் பாதி ஊசிக்குப் போயிற்று.

ஐந்தாவது, சாம்பல். சொரசொரப்பு. இரண்டுக்கு இரண்டு.
யாரும் திரும்பிப் பார்க்காத நிறம்,
வானம் மூடிய நாளில் கண்மாய்த் தண்ணீர் போல.
சோப்பு நுரை ஊற்றி வெறுங்காலோடு ஏறி நின்றேன்.
ஒற்றைக் காலில் நின்றேன்.
பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போட வந்தவர்
ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போனார்.
அம்மிக் குழவியைப் போட்டேன்.
மூலையில் ஒரு சில்லுத் தெறித்தது,
குழவியிலும் ஒன்று.
ஊதா மட்டும் பள்ளங்களில் கொஞ்சம் தங்கியது.

"அழுக்கு உக்காரும் ஆச்சி, பளபளப்பும் இருக்காது."
உட்காரட்டும்.
விழுவதைவிட அது மேல்.

வயிரவன் இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள், சாமி அறைக்கு மட்டும்
ஆத்தங்குடி என்றார்.
அங்கே யாரும் ஓடமாட்டார்கள் என்று
இருவரும் நம்புவதாக நடித்தோம்.

சவரிமுத்து கொத்தனார் முழங்காலைத் தட்டி எழுந்தபோது
கூடத்தில் ஒரு கல் குறைந்தது.
கணக்குப் போட்டவள் நான்.
அந்த லாட் தீர்ந்துவிட்டதாம்,
அடுத்து வந்திருப்பது வேறு சாம்பல்.

கொல்லையிலிருந்து அதைத் தூக்கி வந்தேன்.
மூலை போனது, ஊதா படிந்தது.
"ஃப்ரிட்ஜுக்கு அடியில போட்டுருவம், தெரியாது" என்றார்.
மெய்யு கேட்கவில்லை.
தன் கையெழுத்து இருக்கிறதாம்.

இப்போது நடுக்கூடத்தில் கிடக்கிறது.
வருகிறவர்கள் மற்ற கற்களை விட்டுவிட்டு
அதைத்தான் பார்க்கிறார்கள்.
"புதுக் கல்லு, அதுக்குள்ளயா?"

கடைக்காரர் இன்னும் போன் செய்கிறார்.
ஐந்து கொடுத்தேனே என்கிறார்.
மூன்றை நாளைக்கே தருகிறேன் என்றேன்.
ஒன்று கரையானிடம் இருக்கிறது.
ஒன்றின் மேல்
நாய் தூங்குகிறது.